டார்ச் பாடலும் அதன் உடையும்: ‘லவ், லுக் அவே’யை முன்வைத்து ஓர் அறிமுகம்

இசை நாடகத்தில் கூட்ட நடனங்களும் வேடிக்கைப் பாட்டுகளும் ஓய்ந்து, மேடையில் ஒரே ஒருத்தி மிஞ்சுகிற நேரம் ஒன்று வரும். அவள் ஒருவனைக் காதலிக்கிறாள். அவன் அவளைக் காதலிக்கவில்லை, அல்லது விட்டுப் போய்விட்டான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை. அந்த நிலையை அவள் பாடினால் அதற்கு டார்ச் பாடல் என்று பெயர்.

புதிதாகக் கேட்பவர்கள் சோகப் பாட்டு எல்லாவற்றையும் இந்தப் பெயருக்குள் போட்டுவிடுவார்கள். இறந்துபோனவரை நினைத்துப் பாடுவது டார்ச் பாடல் ஆகாது. என்றாவது வருவான் என்று காத்திருந்து பாடுவதும் ஆகாது, அதில் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. டார்ச் பாடலில் நம்பிக்கை தீர்ந்துவிட்டது, ஆசை தீரவில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு. இசை நாடகப் பாட்டுகளில் பெரும்பாலானவை கதையை ஓர் அடி முன்னே தள்ளும். பாட்டு முடியும்போது பாத்திரம் எதையாவது தீர்மானித்திருக்கும். டார்ச் பாடலில் அவள் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறாள். அதை மேடையேற்றுவது கடினமாக இருப்பதற்குக் காரணமே இதுதான். நிகழ்ச்சி என்று ஒன்றும் இல்லை. பார்வையாளருக்குப் பார்க்கக் கிடைப்பது ஒரு முகமும் ஓர் உடையும்.

இந்த வகை 1920-களின் நியூயார்க் மேடையிலும் இரவு விடுதிகளிலும் வளர்ந்தது. 1921-இல் ஃபேனி பிரைஸ் ஒரு பிரெஞ்சுப் பாட்டின் ஆங்கில வடிவமான ‘மை மேன்’ பாட்டை ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்ற பல்சுவை மேடை நிகழ்ச்சியில் பாடினார். அதுவரை அவர் சிரிக்க வைக்கும் நடிகை. 1927 டிசம்பரில் அரங்கேறிய ‘ஷோ போட்’ நாடகத்தில் ஹெலன் மார்கன் ஜூலி என்ற பாத்திரமாக ‘பில்’ பாட்டைப் பாடினார். 1929-இல் லிபி ஹோல்மன் ‘மோனின் லோ’ பாடினார். பியானோவின் மேல் ஏறி உட்கார்ந்து பாடும் ஹெலன் மார்கனின் தோற்றம்தான் இன்றுவரை டார்ச் பாடகி என்றதும் பலருக்கு நினைவு வரும் படம்.

இசை அமைப்பில் இந்தப் பாட்டுகள் எளிமையானவை. வழக்கமான வடிவத்தில் மொத்தம் 32 பார்கள் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று), எட்டெட்டாக நான்கு பகுதிகள். முதல் பகுதி ஒரு மெட்டு. இரண்டாவது அதே மெட்டு, வேறு வரிகள். மூன்றாவது பகுதி வேறு மெட்டுக்குப் போகும். இதை பிரிட்ஜ் என்பார்கள். நான்காவதில் முதல் மெட்டு திரும்பி வரும். கேட்பவருக்கு மெட்டு பழகிவிடுவதால், கடைசிப் பகுதியில் ஒரே ஒரு சுரம் மாறினாலும், ஒரு சொல் கூடுதலாக நீண்டாலும் அது காதில் படும். டார்ச் பாடலின் உச்சம் பெரும்பாலும் இப்படிச் சிறிய மாற்றத்தில்தான் இருக்கிறது. இதைத் தெரியாமல் முழுப் பாட்டையும் உரத்த குரலில் தள்ளுகிற பாடகி, கடைசியில் கூட்டுவதற்கு எதையும் மிச்சம் வைத்திருக்க மாட்டார்.

இரண்டு வகை உடை

டார்ச் பாடலுக்கு மேடையில் உடை உடுத்துவதில் இரண்டு மரபுகள் இருக்கின்றன. முதலாவது எல்லாருக்கும் தெரிந்தது: தரையைத் தொடும், உடலோடு ஒட்டும், மின்னும் கவுன். 1971-இல் நியூயார்க்கின் விண்டர் கார்டன் தியேட்டரில் அரங்கேறிய ‘ஃபாலீஸ்’ நாடகத்தில் சாலி என்ற நடுவயதுப் பெண் ‘லூசிங் மை மைண்ட்’ பாடும்போது, 1930-களின் திரைநட்சத்திரம் போல மணிகள் கோத்த வெள்ளிக் கவுனில் நிற்பாள். அந்த நாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் ஃப்ளாரன்ஸ் குளோட்ஸ். அந்தக் காட்சியே சாலியின் மனதுக்குள் நடக்கும் கற்பனை. வீட்டில் காபி போட்டுக்கொண்டு, நாளெல்லாம் ஒருவனை நினைத்துக்கொண்டிருக்கும் பெண் தன்னை எப்படிப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்பதை அந்தக் கவுன் சொல்கிறது.

இப்படிப்பட்ட கவுன்கள் பயாஸ் கட் முறையில், அதாவது துணியின் நெசவுக்கு 45 பாகைச் சாய்வில் வெட்டப்படுகின்றன. நேராக வெட்டினால் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் எடையைத் தாங்கித் துணி விறைப்பாகத் தொங்கும். சாய்த்து வெட்டினால் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து, துணி உடலின் வளைவுக்குப் பின்னாலேயே போகும். இதற்குத் துணி அதிகம் வேண்டும்; 140 செ.மீ. அகலத் துணியில் தரை நீளக் கவுனுக்கு 4 மீட்டருக்கு மேல் ஆகும். தைத்த உடனே கீழ் ஓரம் மடித்துத் தைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. சாய்வாக வெட்டிய துணி தன் எடையிலேயே இறங்கும், அதுவும் ஒரே சீராக இறங்காது. அதனால் 24 முதல் 48 மணி நேரம் தொங்கவிட்டு, பாடகி மேடைச் செருப்புப் போட்டு நிற்கும்போது தரையிலிருந்து அளந்து வெட்டித்தான் ஓரம் அடிக்க வேண்டும். மணி கோத்தால் எடை கூடி இன்னும் இறங்கும். ஆகவே அந்த எடையைத் தோள்பட்டையில் உள்ளே வைத்துத் தைத்த நாடா தாங்க வேண்டும், துணி தாங்கக் கூடாது.

இரண்டாவது மரபில் அவள் அன்றாட உடையிலேயே பாடுகிறாள். ‘பில்’ பாட்டு வரும் இடம் ஓர் இரவு விடுதியின் பகல் நேர ஒத்திகை. ஜூலி வெளியிலிருந்து வந்த உடையிலேயே பாடுகிறாள். பார்ப்பவருக்கு இது கவுனை விட நெருக்கமாகப் படும், ஆனால் உடை செய்பவருக்கு வேலை கூடும். கவுனில் சின்னக் குறை இருந்தால் மினுக்கு அதை மறைத்துவிடும். சாதாரண உடையில் மறைக்க ஒன்றும் இல்லை. இந்த இரண்டாவது மரபுக்கு நல்ல எடுத்துக்காட்டாக இருந்தும் அதிகம் பேசப்படாத பாட்டு, ‘ஃப்ளவர் டிரம் சாங்’ நாடகத்தில் வரும் ‘லவ், லுக் அவே’.

பாட்டும் அது வரும் இடமும்

ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையில், ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் வரிகளில் உருவான இந்த நாடகம் 1958 டிசம்பர் 1 அன்று நியூயார்க்கின் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் அரங்கேறி 600 காட்சிகள் நடந்தது. இயக்கியவர் ஜீன் கெல்லி. சி. ஒய். லீ 1957-இல் வெளியிட்ட நாவலே மூலம். கதை சான் ஃபிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் நடக்கிறது. வாங் டா என்ற இளைஞனைச் சுற்றி மூன்று பெண்கள்: இரவு விடுதி ஆட்டக்காரி லிண்டா லோ, சீனாவிலிருந்து வந்திறங்கும் மெய் லி, அவனுடைய தோழியான தையல்காரி ஹெலன் சாவோ. லிண்டாவுக்கு எல்லாரும் முணுமுணுக்கும் பாட்டு கிடைத்தது. மெய் லிக்குக் கதாநாயகன் கிடைத்தான். ஹெலனுக்குக் கிடைத்தது இந்த ஒரு பாட்டு. முதல் தயாரிப்பில் அதைப் பாடியவர் அரபெல்லா ஹாங்.

பாட்டு கவனம் பெறாமல் போனதற்குக் காரணம் அதன் தரம் அல்ல, அது இருக்கும் இடம்தான். முதல் அங்கத்தில் இதற்கு முன்னால் வருவது ‘கிராண்ட் அவென்யூ’ என்ற கலகலப்பான தெருப் பாட்டு. பின்னால் வருவது இரவு விடுதியின் ‘ஃபேன் டான் ஃபேனி’. இரண்டு ஆரவாரங்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. பாடுகிறவளும் கதையில் இரண்டாம் வரிசைப் பாத்திரம்; கடைசியில் அவளுக்கு என்ன ஆனது என்று நாடகம் கவலைப்படவில்லை. 1961-இல் வந்த திரைப்படத்தில் ரெய்கோ சாடோ ஹெலனாக நடித்தார், பாட்டுக்கு ஆபெரா பாடகி மர்லின் ஹார்ன் குரல் கொடுத்தார். அங்கே பாட்டு கனவு நடனமாக விரிந்தது. 2002-இல் டேவிட் ஹென்றி ஹுவாங் கதையை மாற்றி எழுதி பிராட்வேயில் மறுபடி அரங்கேற்றியபோது ஹெலன் பாத்திரமே நீக்கப்பட்டு, மெய் லியாக நடித்த லியா சலோங்கா இந்தப் பாட்டைப் பாடினார். அவர் அருமையாகவே பாடினார். ஆனாலும் கதாநாயகியின் கைக்குப் போனதும் பாட்டின் எடை குறைந்துவிட்டது. கதாநாயகிக்குக் கடைசியில் எல்லாம் கூடிவரும் என்று பார்வையாளருக்குத் தெரியும். ஹெலனுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

பாட்டின் தனித்தன்மை அது யாரிடம் பேசுகிறது என்பதில் இருக்கிறது. டார்ச் பாடல்கள் பெரும்பாலும் அவனைப் பார்த்துப் பேசும், அல்லது நம்மிடம் அவனைப் பற்றிப் பேசும். ஹெலன் காதலையே எதிரில் நிறுத்திப் பேசுகிறாள்: என் பக்கம் திரும்பாதே, என் வாசலைத் தாண்டிப் போய்விடு என்கிறாள். அவன் பெயர் வரவே இல்லை. முதல் இரண்டு பகுதிகளில் தைரியமாகக் கட்டளை இடுகிறாள். பிரிட்ஜில் வரிகள் குறுகி, அளவுக்கு மீறி முயல்வதும் அளவுக்கு மீறி அழுவதும் தன் குணம் என்று ஒப்புக்கொள்கிறாள். கட்டளைக்கு அடியில் இருந்த கெஞ்சல் அங்கேதான் வெளியே வருகிறது. பிறகு முதல் மெட்டு திரும்பும்போது அதே வேண்டுகோளைக் கடைசியில் மூன்று முறை சொல்லி முடிக்கிறாள்.

பாடுபவருக்கு ஒரு நுட்பம். பாட்டின் தலைப்புச் சொல் ‘அவே’ என்று திறந்த உயிரொலியில் முடிகிறது. நீட்டும்போது வாயை ‘எ’ நிலையிலேயே திறந்து வைத்து, ‘ய்’ போன்ற முடிவை விடுவதற்குச் சற்று முன்னால் மட்டும் தொட வேண்டும். முன்கூட்டியே மூடினால் குரல் குறுகிவிடும். கடைசி மூன்று முறையில் ஒவ்வொன்றையும் உரக்கக் கூட்டிக்கொண்டே போவது எளிது. இரண்டாவதை அடக்கி மூன்றாவதைத் திறப்பதும் உண்டு, மூன்றையும் படிப்படியாகத் தாழ்த்துவதும் உண்டு. ஹெலனின் குணத்துக்குக் கடைசியாகச் சொன்ன வழிதான் பொருந்தும், ஏனென்றால் அவள் கூட்டத்துக்குப் பாடவில்லை. மேடையில் நிஜமாகவே அழுதுவிடுவது கூடாது. அழுகை வந்தால் தொண்டைத் தசை இறுகும், மூச்சு மேல் நெஞ்சுக்கு ஏறும், அடுத்த நீண்ட வரி பாதியில் அறும்.

தையல்காரி தன் உடையை எப்படித் தைத்திருப்பாள்?

முதல் தயாரிப்புக்கும் திரைப்படத்துக்கும் உடை வடிவமைத்தவர் ஐரீன் ஷராஃப். ‘தி கிங் அண்ட் ஐ’ நாடகத்துக்குத் தாய்லாந்துப் பட்டைக் கொண்டுவந்து அதை அமெரிக்கப் பெண்களிடையே பரவச் செய்தவர், ஐந்து ஆஸ்கர் வென்றவர். இந்த நாடகத்தில் கண்ணைப் பறிக்கும் உடைகள் எல்லாம் விடுதிக் காட்சிகளுக்குப் போகும். இன்று இதை மேடையேற்றும் குழுக்கள் ஹெலனுக்கு மிஞ்சியதை உடுத்திவிடுகின்றன: பொருந்தாத, தொளதொளத்த, மங்கிய ஓர் உடை. ஏழை, பாவம் என்று காட்டுவதாக நினைப்பு. ஆனால் அவள் தையல்காரி. துணி மலிவாக இருக்கலாம், வெட்டு மலிவாக இருக்காது. ஊரில் எல்லாருக்கும் உடை தைப்பவள் தன் உடையைத் தன் உடம்புக்கு அளந்து தைத்திருப்பாள். நாடகத்திலேயே எளிமையான உடை அவளுடையது. நாடகத்திலேயே கச்சிதமான உடையும் அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும். அது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் வேலை நுணுக்கம்தான்.

அந்தக் காலச் சைனாடவுனில் வேலைக்குப் போகும் பெண் மேலைநாட்டுச் சட்டை ஃபிராக்கும் அணிந்திருக்கலாம், நின்ற கழுத்துப்பட்டையும் பக்க வெட்டும் வைத்து உடலோடு ஒட்டும் சீன உடையான சியோங்சாமும் அணிந்திருக்கலாம். இயக்குநர் சியோங்சாம் கேட்டால் மின்னும் புரோகேடு, அதாவது சரிகை நெய்த துணி வேண்டாம். 1950-களில் பருத்தியிலும் தைத்து அன்றாடம் போட்டுக்கொண்ட உடைதான் அது. முழங்காலுக்குக் கீழே வரும், குட்டைக் கை வைத்த ஒன்றுக்கு 112 செ.மீ. அகலத் துணியில் சுமார் இரண்டரை மீட்டர் போதும். பளபளப்பில்லாத பருத்தியோ ரேயான் கிரேப்போ நல்லது. டஃபெட்டா போன்ற சரசரக்கும் துணியை ஒதுக்குங்கள். பாட்டின் மெல்லிய இடங்களில் மைக் அந்த ஓசையைக் கொண்டுபோய்க் கடைசி வரிசையில் சேர்த்துவிடும்.

அலங்காரம் ஒன்றே ஒன்று போதும்: கழுத்துப்பட்டையிலும் சாய்வான திறப்பிலும் மாற்று நிறப் பைப்பிங், அதாவது ஓரத்தில் வைத்துத் தைக்கும் மெல்லிய துணிக் கரை. நிஜ உடையில் அது 3 மி.மீ. இருக்கும். பத்தாவது வரிசையிலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது. மேடைக்கு 6 மி.மீ. வையுங்கள். வளைவில் சுருங்காமல், மூலையில் குவியாமல் அது ஓடினால், இவளுக்குக் கை வேலை தெரியும் என்று பார்ப்பவர் யோசிக்காமலே உணர்ந்துகொள்வார்.

கழுத்தில்தான் முதல் சிக்கல் வரும். சியோங்சாமின் நின்ற கழுத்துப்பட்டை வழக்கமாக 4 முதல் 5 செ.மீ. உயரம். பாடும்போது குரல்வளை மேலும் கீழும் நகரும், கழுத்துத் தசை புடைக்கும், தலையும் நிமிரும். கடினமான கேன்வாஸ் வைத்த உயரமான பட்டை இது எல்லாவற்றையும் தடுத்துவிடும். பாடகி அதைத் தாங்குவதற்காகத் தாடையை முன்னால் நீட்டுவார், குரல் நெருக்கப்படும், காரணம் உடை என்று யாருக்கும் தோன்றாது. முன்புறத்தில் உயரத்தை 3 செ.மீ.க்குக் குறையுங்கள், பின்னால் 4 இருக்கட்டும். கழுத்தளவைச் சும்மா நிற்கும்போது எடுக்காதீர்கள். பாட்டின் உச்ச சுரத்தைப் பாடச் சொல்லி, அப்போது எடுத்து, அதற்கு மேல் ஒன்றரை செ.மீ. விடுங்கள். உள்ளே வைக்கும் கேன்வாஸ் மெல்லியதாகவும் சாய்வாக வெட்டியதாகவும் இருந்தால் பட்டை நிற்கவும் செய்யும், கழுத்தோடு அசையவும் செய்யும். முதல் பொத்தானில் இழுவை விழக் கூடாது. அங்கே உள்ளே ஒரு ஹூக்கும், அதைப் பிடிக்க மெல்லிய எலாஸ்டிக் வளையமும் வைத்தால் மூச்சுக்கு அரை செ.மீ. இடம் கிடைக்கும்.

அடுத்தது விலா. பாடும் மூச்சு நெஞ்சுக்கு மேலே போவதில்லை, கீழ் விலாவையும் முதுகையும் விரிக்கிறது. மார்புக்குக் கீழே இஞ்ச் டேப்பைச் சுற்றி மூச்சை முழுதாக விட்டு ஓர் அளவும், முழுதாக இழுத்து ஓர் அளவும் எடுங்கள். பயிற்சி பெற்ற பாடகியிடம் 4 முதல் 6 செ.மீ. வித்தியாசம் வரும். உடையின் அளவு இரண்டாவது எண்ணோடு 2 செ.மீ. சேர்த்தது. இதை முழுவதும் முன்புறத்தில் விட்டால் உடை தொளதொளக்கும். பக்கத் தையலிலும் முதுகு டார்ட்டிலும் (உடல் வளைவுக்காகத் துணியை மடித்துப் பிடிக்கும் தையல்) பிரித்து விட வேண்டும். முதுகு டார்ட்டை இடுப்பில் ஆழமாகவும் விலாவுக்கு மேலே ஏறும்போது சீக்கிரம் கரையும்படியும் பிடித்தால் இடுப்பு கச்சிதமாகவே தெரியும்.

கையைத் தூக்கும்போது முழு உடையும் கூடவே ஏறுகிறதா? ஆர்ம்ஹோலை, அதாவது கை பொருத்தும் வளைவைக் கீழே இறக்கினால் சரியாகும் என்று பலரும் வெட்டிவிடுவார்கள். அது தலைகீழான வைத்தியம். ஆர்ம்ஹோல் அக்குளுக்கு நெருக்கமாக, உயரமாக இருந்தால்தான் கை மட்டும் தனியாக அசையும். இறங்க இறங்கக் கையோடு பக்கத் தையலும் மேலே இழுபடும். வெட்டிவிட்ட பிறகு சேர்க்க முடியாது, ஆகவே சந்தேகம் இருந்தால் உயரமாக விட்டு, தேவைப்பட்டால் அக்குளில் சிறிய சதுரத் துண்டு ஒன்று கொடுங்கள்.

இதையெல்லாம் நல்ல துணியில் சோதிக்க வேண்டாம். காடாத் துணியில் முதல் உடையைத் தைத்து, பாடகியை அதிலேயே பாட்டை முழுதாக இரண்டு முறை பாட வையுங்கள், ஒரு முறை நின்று, ஒரு முறை தையல் மிஷினுக்கு முன் உட்கார்ந்து. மூச்சு இழுக்கும்போது மார்பில் குறுக்குச் சுருக்கம் விழுந்தால் அகலம் பற்றவில்லை. பட்டைக்குக் கீழே மாலை போல வளைந்த சுருக்கம் விழுந்தால் கழுத்தடி இறுக்கம்; ஒரு தடவைக்கு 3 மி.மீ. மட்டும் இறக்கிப் பாருங்கள். உட்காரும்போது வயிற்றில் துணி குவிந்தால் இடுப்புக்குக் கீழே போதிய இடம் இல்லை. பக்க வெட்டின் உச்சியில் உள்ளே ஒரு நாடாத் துண்டை வைத்து இறுக்கித் தைத்துவிடுங்கள். உட்கார்ந்து எழும் ஒவ்வொரு தடவையும் இழுவை அந்த ஒரு புள்ளியில்தான் விழுகிறது, நாலாவது காட்சியிலேயே கிழியும்.

துணிப் பொத்தான்கள் வெளியே அழகுக்கு இருக்கட்டும். உண்மையில் உடையை மூட, திறப்பு நெடுக டிச் பட்டனும் பக்கத்தில் ஜிப்பும் வையுங்கள். ஹெலன் அதே இரவில் விடுதியிலிருந்து வாங் டாவை அழைத்துப் போகவும் வர வேண்டும், பாட்டுக்கும் அதற்கும் நடுவே உடை மாற்றவோ மேல்கோட்டு போடவோ கிடைப்பது கொஞ்ச நேரம். ஆறு துணிப் பொத்தான்களை இருட்டில் அவிழ்ப்பது நடக்காத காரியம்.

மைக், வெளிச்சம், கைப்பொருள்

இன்றைய தயாரிப்பில் மைக் முடியோரத்தில் நெற்றியில் இருக்கும். அதன் டிரான்ஸ்மிட்டர் பெட்டியை எங்கே வைப்பது என்பது ஒட்டிய உடையில் பெரிய கேள்வி. முதுகின் கீழ்ப்பகுதியில் வைத்தால் துருத்தும், தொடையில் கட்டினால் பக்க வெட்டில் எட்டிப் பார்க்கும். விக் வைத்திருந்தால் அதற்குள் வைப்பது சிறந்தது. இல்லையென்றால் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில், உள்ளாடையில் தைத்த எலாஸ்டிக் பையில், ஈரம் புகாத உறையோடு. வயர் பின்கழுத்து வழியாக ஏறும்போது பட்டைக்கு மேலே 2, 3 செ.மீ. தளர்வு விடுங்கள். ஹெலன் தலை குனிந்து தைப்பவள். தளர்வு இல்லையென்றால் குனியும்போது வயர் இழுபட்டு மைக் நெற்றியை விட்டு விலகும், பட்டையில் உரசிக் கரகரக்கும்.

நிறத்தை முடிவு செய்யும் முன் வெளிச்ச வடிவமைப்பாளரிடம் துணித் துண்டைக் கொடுத்து, விளக்கின் முன் வைக்கும் அன்றைய வண்ணத் தாளான ஜெல்லுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். தனிமைக் காட்சிக்கு நீலம் போடுவது வழக்கம். நீல ஒளியில் சிவப்புத் துணி கறுப்பாகிவிடும், ஆரஞ்சு சேறு போலத் தெரியும். சாம்பல் நீலமும் பச்சை கலந்த சாம்பலும் அந்த ஒளியை வாங்கிக்கொள்ளும். முகத்துக்குப் பக்கத்தில் தூய வெள்ளை வேண்டவே வேண்டாம். பாடகியைப் பின்தொடரும் ஃபாலோ ஸ்பாட் விளக்கு விழுந்தால் வெள்ளைப் பைப்பிங் முகத்தை விடப் பிரகாசமாகி, கண் அங்கேயே போகும். வெள்ளை தேவைப்பட்டால் தேயிலைத் தண்ணீரில் முக்கி ஒரு படி மங்க வைத்துத் தையுங்கள்.

கழுத்தில் இஞ்ச் டேப், மணிக்கட்டில் குண்டூசிப் பந்து என்று தொழில் அடையாளங்களை அடுக்க ஆசை வரும். ஒன்று போதும். டேப்பை எடுத்தால் குண்டூசிப் பந்தை விடுங்கள். ஊசித் தலைகள் ஒவ்வொரு கையசைவிலும் மின்னும். கையில் ஒரு வேலை இருப்பது நல்லது. முதல் பகுதியில் தைத்துக்கொண்டே பாடி, பிரிட்ஜ் தொடங்கும் இடத்தில் ஊசியை நிறுத்தினால் அந்த நிறுத்தமே போதும், கையை விரிக்கவோ நடக்கவோ தேவையில்லை. நிஜ ஊசி வேண்டாம், முனை மழுக்கிய பெரிய ஊசியும் கெட்டி நூலும் போதும். செருப்பின் குதி 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம், அடியில் ரப்பர் ஒட்டுங்கள்.

அவள் கையில் தைக்கும் துணி எது என்பதை மட்டும் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். இரண்டாவது அங்கத்தில் மெய் லி, வாங் டாவின் தந்தையுடைய கோட்டைத் தைத்து வாங்க ஹெலனின் வீட்டுக்கு வருகிறாள். அங்கே வாங் டாவின் உடை கிடப்பதைப் பார்த்து நொறுங்கிப் போகிறாள். கதையின் திருப்பமே இரண்டு உடைகளில் இருக்கிறது. அந்த உடை யாருடையது என்று மெய் லி கண்டுபிடிக்கும் அதே நொடியில் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும். ஆகவே முதல் அங்கத்தில் வாங் டா போட்டு வரும் ஜாக்கெட்டுக்கு, மேடையில் வேறு யாருக்கும் தராத ஒரு நிறம் கொடுங்கள், ஹெலனின் அறையில் உள்ள துணிக் குவியலில் அந்த நிறம் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெலனின் உடைக்குத் துணி எடுக்கிற அன்றே அந்த ஜாக்கெட்டுக்கும் எடுத்து, இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வெட்டத் தொடங்குங்கள்.